போன நேரத்தில் ஆள் இல்லை

போஸோ ஓந்தோ
14 ஜனவரி 2002

திரு. அர்ஹேலியோ அவர்களுக்கு,

இது சொந்தக் கடிதம் அல்ல. போஸோ ஓந்தோ கிளினிக்கின் நர்ஸ் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்களுக்குப் புது டாக்டர் வந்திருக்கிறார். பெயர் யுனியெல், வயது இருபத்தாறு. கிளினிக்கின் மாடியிலேயே குடியிருக்கிறார், அதனால் எந்நேரமும் கீழே இறங்கி வந்துவிடுகிறார். வந்த வாரமே நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் தாள்களையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தார். வட்டாரத்தில் உள்ள எல்லோரையும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து எழுதியாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பார்வைக்கு நன்றாக இருப்பவர் முதல் பிரிவு, புகை, குடி என்று ஏதாவது இருப்பவர் இரண்டாம் பிரிவு, நோயாளி மூன்றாம் பிரிவு.

என் வீட்டுத் தாளில் இரண்டு பேர். ஒன்று நான், மற்றது நீங்கள். இரண்டாயிரத்திலும் போன வருடமும் உங்கள் பெயருக்கு நேரே "போன நேரத்தில் ஆள் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் அதன்மேல் விரலை வைத்தார். "எலீதாம்மா, ரெண்டு வருஷமாவா ஒரு மனுஷன் வீட்ல இருக்க மாட்டாரு? அதுவும் நீங்க குடியிருக்கற வீட்ல?" என்று கேட்டார். குத்திக் காட்டத் தெரியாத பையன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

உங்களுக்கு ஐம்பத்தேழு ஆகிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குப் பிரஷர், எடை, சர்க்கரை இவற்றோடு ப்ராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். நீங்கள் கப்பலேறிப் போயிருக்கும் அந்தச் சின்னத் தீவில் உங்களுக்கு அருகில் உள்ள கிளினிக்கில் பார்த்து, டாக்டர் கையெழுத்தோடு எண்களை அனுப்பவும். அங்கேயே பதிவு செய்துகொண்டிருந்தால் மாற்றல் சீட்டை அனுப்பவும். உங்கள் பெயரை அடித்துவிடுகிறேன்.

நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மேலே கேட்டிருப்பது அதுதான்.

எலீதா, நர்ஸ்


லா ஃபே, தீவு
11 பிப்ரவரி 2002

எலீதா,

இருபத்துமூன்று வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனுக்கு இந்த "அவர்கள்" கொஞ்சம் அதிகம். தொழிலாளர் விடுதியில் உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

நான் இங்கே பதிவு செய்யவில்லை. படிவத்தில் "பழைய இடத்தை விட்ட காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் விஷயத்துக்கு அந்தக் கட்டம் போதாது. அதனால் எந்த நர்ஸும் என்னைத் தேடி வருவதில்லை. கியூபாவிலேயே கதவு தட்டப்படாத ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். சில நாட்கள் அது சுகமாகவும் இருக்கிறது.

உன் டாக்டர் பையனுக்கு எண்கள்தானே வேண்டும். பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. எடை எண்பத்தொரு கிலோ. உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. பம்பளிமாஸ் கட்டி அனுப்பும் கொட்டகையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறேன். நான் இல்லாவிட்டால் தீவில் பாதிப் பழம் மரத்தடியிலேயே அழுகும்.

அந்த விரல் சமாச்சாரம் மட்டும் வேண்டாம். இங்கே ஆறு ஆண்கள் இருக்கிறோம், யாரும் செய்துகொள்ளவில்லை. "டாக்டர் விரல விட்டுப் பாக்கறதுக்கு நான் இப்படியே தொப்பியோட செத்துப் போறேன்" என்கிறான் ராமிரோ. அவனுக்கு அறுபத்திரண்டு.

எனக்குக் கதவோரக் கட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். ராத்திரி எழுந்து போகும்போது அவர்கள் காலை மிதிக்கிறேனாம். கதவோரம் கொசு அதிகம். வேறு விசேஷம் இல்லை.

அர்ஹேலியோ


போஸோ ஓந்தோ
4 மார்ச் 2002

அர்ஹேலியோ,

நூற்றிருபதுக்கு எண்பது, எண்பத்தொரு கிலோ. இவை 1999 மார்ச்சில் நான் என் கையால் எழுதிய எண்கள். உன் பர்ஸில் இருக்கும் நீல அட்டையிலும் அவைதான். அதைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறாய். மூன்று வருடத்தில் எதுவுமே மாறாமல் இருப்பது இந்த ஊர்க் கோயில் மணி மட்டும்தான், அதிலும் விரிசல் விட்டிருக்கிறது.

உடம்பு கல்லு மாதிரி இருப்பவனுக்கு யாரும் கதவோரக் கட்டிலைக் கொடுக்க மாட்டார்கள். ராத்திரியில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய்? போனதும் வருகிறதா, நின்று காத்திருக்க வேண்டியிருக்கிறதா? உன் அப்பா எதில் போனார் என்று உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. இதற்கெல்லாம் பதில் எழுது. கொசுவைப் பற்றி எழுத வேண்டாம்.

போன வருடம் தொடங்கிய பெண்களுக்கான பரிசோதனை இங்கே நடந்து முடிந்தது. முப்பதுக்கு மேல் வருடா வருடம் மார்பு, இருபத்தைந்து முதல் ஐம்பத்தொன்பதுவரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை கர்ப்பப்பை வாயிலிருந்து சாம்பிள். சாம்பிள் எடுப்பது நான்தான் என்பதால் தெருவில் என்னைக் கண்டாலே பெண்கள் வேறு வழியாகப் போகிறார்கள். செனைதா என்னைப் பார்த்ததும் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"செனைதா, நான் பன்னிக்கு சாம்பிள் எடுக்க வரல. வெளிய வா."

"நாளைக்கு வர்றேன்டி. இன்னிக்குக் குளிக்க சோப்பு இல்ல."

இப்படிச் சொல்வாள் என்று தெரிந்து பையில் அரைச் சோப்பு வைத்திருந்தேன். சோப்பைக் கொடுத்துவிட்டு அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். குளித்துவிட்டு வந்து, என் கை கனம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தாள்.

மொத்தம் நூற்று நாற்பத்தொரு பெண்கள். நூற்று நாற்பத்தொன்றும் முடிந்தது. டாக்டர் அதைப் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருக்கிறார்.

எலீதா, நர்ஸ்


லா ஃபே
2 ஏப்ரல் 2002

எலீதா,

நான்கு முறை. சில நாள் ஐந்து. காத்திருக்க வேண்டியிருக்கிறது. நீல அட்டை விஷயமும் சரிதான். போதுமா?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்த நூற்று நாற்பத்தொன்றில் நீயும் ஒருத்தி. ஐம்பத்திரண்டு வயது, தாளில் என் பெயருக்கு மேலே இருக்கும் பெயர். மற்ற நூற்று நாற்பது பேருக்கும் நீ எடுத்தாய். உனக்கு யார் எடுத்தது?

முன்பெல்லாம் அடுத்த கிளினிக்கின் கிழவி ஃபேலா எடுப்பாள். அன்று வீட்டுக்கு வந்தால் சாயங்காலம்வரை நீ யாரோடும் பேச மாட்டாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஃபேலா தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு உதவியாக இருந்த மிர்தாதான் அந்த இடத்துக்கு வந்தாள்.

நீ மிர்தாவிடம் போயிருக்க மாட்டாய். மகன் வயதில் இருக்கும் டாக்டரிடமும் படுத்திருக்க மாட்டாய். நகரத்துப் பெரிய கிளினிக்குக்குப் போனால் கடைசியாக எப்போது எடுத்தது என்று பழைய கணக்கைக் கேட்பார்கள். மோட்டார் பார்க்கிறவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

யார் எடுத்தது?

அர்ஹேலியோ


போஸோ ஓந்தோ
25 ஏப்ரல் 2002

அர்ஹேலியோ,

என் தாள் ஒழுங்காக இருக்கிறது. டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ராத்திரியில் ஐந்து முறை எழுந்திருப்பவன் அடுத்தவர் தாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அந்தப் பெயரை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

எலீதா, நர்ஸ்


லா ஃபே
30 மே 2002

எலீதா,

போய் வந்தேன்.

கிளினிக்கில் முதலில் என்னை உட்காரவே விடவில்லை. "நீங்க எந்தத் தாள்ல இருக்கீங்க?" என்றாள் நர்ஸ். போஸோ ஓந்தோவில் என்றேன். "அப்ப அங்க போய்ப் பாத்துக்குங்க" என்றாள். அங்கே என்னைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவளுக்கு எங்கள் கதையில் என்ன புரிந்ததோ, ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

டாக்டர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். சின்னக் கை. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, ஆனால் அந்த விரல்களைப் பார்த்ததும் யாருக்கோ நன்றி சொன்னேன். "இவ்ளோதான் ஐயா, முடிஞ்சுது. இதுக்கா ஏழு வருஷம் பயந்தீங்க?" என்றாள். பெரிதாகியிருக்கிறதாம், ஆனால் வழுவழுப்பாக இருக்கிறதாம், அது நல்லதாம். ரத்தத்தை ஹவானாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிரஷர் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றைந்து. எடை எழுபத்து நான்கு. இவை எந்த அட்டையிலும் இல்லாத எண்கள்.

விடுதிக்குத் திரும்பினால் ஆறு பேரும் (ஒருவன் புதிது) வாசலில் காத்திருந்தார்கள், சவ ஊர்வலத்துக்கு நிற்கிற மாதிரி. நான் உட்கார்ந்து டோமினோ ஆடி ஜெயித்தேன். மறுநாள் ராமிரோ தனியாக வந்து டாக்டரின் பெயர் என்ன என்று கேட்டான்.

மிர்தாவைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட உனக்கு எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். தப்பு என்னுடையது. அவள் என்னைக் கூப்பிடவில்லை, நான்தான் போனேன். தொண்ணூற்றெட்டிலிருந்தே உனக்குச் சந்தேகம் இருந்தது; மறு வருடம் நீ கேட்டபோது பதில் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினேன், அது இரண்டாவது தப்பு. நான் செய்ததற்காக உன் உடம்பு ஏழு வருடமாகப் பார்க்கப்படாமல் கிடக்கிறது என்றால் அது மூன்றாவது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவளுடைய பரிசோதனை மேஜைமேல் ஏறு. எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்.

அர்ஹேலியோ


போஸோ ஓந்தோ
8 ஜூலை 2002

அர்ஹேலியோ,

உன் எண்களை டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார். உப்பைக் குறை.

பலகையில் இருந்த நூற்று நாற்பத்தொன்றை அழித்து நூற்று நாற்பது என்று எழுதினேன். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு யார் விட்டுப்போனது என்றார். நான் என்றேன். தொண்ணூற்றெட்டிலும் போன வருடமும் என் பெயருக்கு நேரே டிக் போட்டது நானே என்றும் சொன்னேன். இருபத்தாறு வயதுப் பையன் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. பூவை மட்டும் அழித்தார்.

அப்புறம் நேற்று போனேன். குதிரை வண்டியில் ஏறினால் நடுவழியில் இறங்க முடியாது என்று நடந்தே போனேன். மிர்தா கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அடிக்கறதுன்னா வெளிய வெச்சு அடி. உள்ள எல்லாம் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்."

"அடிக்க வரல. சாம்பிள் குடுக்க வந்தேன்."

பிறகு போய்க் கதவைச் சாத்தினாள்.

"கடைசியா எப்ப எடுத்தது?"

"தொண்ணூத்தஞ்சு. ஃபேலா எடுத்தது."

"அதுக்கப்புறம் தாள்ல டிக் யாரு போட்டா?"

"நான்தான்."

அவள் சிரித்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. என்ன சிரிப்பு என்றேன்.

"எனக்கும் தொண்ணூத்தஞ்சுதான்டி. எனக்கும் ஃபேலாதான் எடுத்தா. அதுக்கப்புறம் யாரு இருக்கா? உன் மேஜைல வந்து படுக்கச் சொல்றியா? என் தாள்லயும் டிக் என் கையாலதான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். இரண்டு வட்டாரத்திலும் கதவைத் தட்டி, பன்றிக் கொட்டிலில் தேடிப் பிடித்து, பெண்களுக்குப் புத்தி சொன்ன இரண்டு நர்ஸ்கள். நல்ல லட்சணம்.

முதலில் நான் படுத்தேன். அவள் கை லேசானது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை. "இடுப்ப இறுக்காத எலீதா" என்றாள். "நீ இருக்கற எடத்துல எப்படி இறுக்காம இருக்கறது?" என்றேன். பிறகு அவள் படுத்தாள். அவள் கால்கள் நடுங்கின. நான்கு வருடமாக அவளைப் பற்றி நான் நினைக்காத நாள் இல்லை, ஆனால் இப்படி நடுங்குவாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கருவியை வெந்நீரில் சூடாக்கிவிட்டு எடுத்தேன். செனைதாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.

எடுத்தவரின் கிளினிக் பெயரில்தான் சாம்பிள் போகும். என்னுடையதன் முடிவு அவளுக்கு வரும், அவளுடையது எனக்கு.

உன்னைப் பற்றி ஒரே ஒரு பேச்சு வந்தது. கை கழுவும்போது, "அவருக்கு எல்லாம் பாத்தாச்சா?" என்றாள். பார்த்தாகிவிட்டது என்றேன். சோப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

எலீதா


லா ஃபே
12 ஆகஸ்ட் 2002

எலீதா,

ஹவானாவிலிருந்து முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. வயதுக்கான வீக்கம்தான். ஒரு மாத்திரை அதற்கு, ஒரு மாத்திரை பிரஷருக்கு. ராத்திரியில் இப்போது இரண்டு முறைதான். ராமிரோவுக்கு ஏதோ இருக்கிறதாம், ஹவானாவுக்குப் போயிருக்கிறான். தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் இப்போது மூன்றாம் பிரிவு. வருடத்துக்கு மூன்று முறை பார்க்க வேண்டுமாம். "இந்தத் தடவ பாத்துட்டேன். நோயாளின்னா ஒரு எடத்துல இருக்கணும் ஐயா. எங்க இருக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க" என்கிறாள் டாக்டர். பதிவுப் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

உன் முடிவு எப்போது வரும்? வந்த அன்றே எழுது.

அர்ஹேலியோ


போஸோ ஓந்தோ
20 செப்டம்பர் 2002

அர்ஹேலியோ,

என்னுடையது நன்றாக இருக்கிறது. போன வாரம் செவ்வாய்க்கிழமையே மிர்தா வண்டிக்காரனிடம் சீட்டுக் கொடுத்தனுப்பிவிட்டாள். "சுத்தம். இனி மூணு வருஷம் கழிச்சு வா" என்று எழுதியிருந்தாள்.

அவளுடையது அதே வாரம் வெள்ளிக்கிழமை என் கைக்கு வந்தது. அது நன்றாக இல்லை. புற்றாகும் முன் நிலை, அதிலும் முற்றிய படி. உறையைப் பிரித்து இரண்டு முறை படித்தேன். இவளுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தாள் கையில் இருக்கும்போது அந்த நாட்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

டாக்டர் தானே போய்ச் சொல்கிறேன் என்றார். எடுத்தவள் நான், நானே போகிறேன் என்றேன். மிர்தா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் படி?" என்று கேட்டாள். நர்ஸிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. ரேஷனில் வரும் பட்டாணி கலந்த காபியைப் போட்டுக் கொடுத்தாள். கையெல்லாம் சிந்தினாள்.

"நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா தொண்ணூத்தெட்டுலயே வந்திருப்பியா?" என்றேன்.

"தெரியல. வந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கறேன்" என்றாள்.

எனக்காக அப்படிச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

நவம்பர் பன்னிரண்டு, மாகாண ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவளுக்குக் கூட வர யாரும் இல்லை. நான் போகிறேன். அவளுக்கு நாற்பத்தாறு வயதுதான்.

எலீதா


லா ஃபே
15 அக்டோபர் 2002

எலீதா,

உன் கடிதத்தை விடுதியில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

மிர்தாவுக்கு நான் ஒரு வரி எழுதலாமா, கூடாதா? எழுதினாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு என்று படுகிறது. உன்னிடமே கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

நீ சுத்தம் என்று படித்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு எதுவும் இல்லை. இனி நீ என்னை எங்கே எழுதுகிறாயோ அங்கே இருப்பேன். அடித்துவிட்டாலும் சரி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.

அர்ஹேலியோ


போஸோ ஓந்தோ
2 டிசம்பர் 2002

அர்ஹேலியோ,

ஆபரேஷன் முடிந்தது. கெட்ட பகுதியை முழுதாக எடுத்துவிட்டார்கள், விளிம்புவரை பரவவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கும் என்றார் பெரிய டாக்டர். இரண்டு பேரில் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம், "நீ இன்னும் போகலயா?" என்றாள். பஸ் இல்லை என்றேன். பஸ் இருந்தது. அவளுக்கும் அது தெரியும்.

நீ அவளுக்கு எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறாய் என்று நானே சொல்லிவிட்டேன். மூன்றாம் பிரிவு என்றதும் சிரித்து, தையல் வலிக்கிறது என்று என்னைத் திட்டினாள். அவளுடைய வட்டாரத்துப் பெண்களையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். கை கனம் என்று அவர்களும் சொல்கிறார்கள்.

அடுத்த வருடத்துக்கான தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். நம் வீட்டுத் தாள் நேற்று கைக்கு வந்தது. உன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, தீரவில்லை. ஆனால் எழுபத்து நான்கு கிலோ என்று படித்த நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

உன் பெயரை அடிக்கவில்லை. அதற்கு நேரே "போன நேரத்தில் ஆள் இல்லை" என்று எழுதியிருந்ததை மட்டும் அடித்தேன். அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது. டாக்டர் ஜனவரி பதினான்காம் தேதி கையெழுத்துப் போடுகிறார். அதற்குள் உன் ரத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்தாக வேண்டும்.

காலை எட்டு மணிக்குத் திறப்போம். வெறும் வயிற்றோடு வா.

எலீதா